உஷார்! பெட்டியில் அடித்திருக்கும் லூமனை நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள்

செட்டிகுளத்திலோ சுற்றியுள்ள ஊர்களிலோ யாராவது இந்தக் கிழமை புரொஜெக்டர் ஒன்றுக்கு ஓடர் போட்டுவிட்டுப் பார்சலுக்காகக் காத்திருந்தால், காசு கொடுக்க முன்னர் இதை வாசித்துவிடுங்கள்.

பேஸ்புக்கில் ஓடும் அந்த விளம்பரம் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். பட்டப்பகல், யன்னல் திறந்திருக்கிறது, ஆனாலும் சுவர் நிறையப் பளிச்சென்று படம். தரையில் சாய்ந்து கிடந்து சிரிக்கும் குடும்பம். கீழே கொட்டை எழுத்தில் 9000 லூமன், 4கே, 200 அங்குலம். விலை இருபதாயிரம் ரூபாய்க்குள். பொருள் கைக்கு வந்த பிறகு காசு தந்தால் போதுமாம். அந்தச் சுவரில் தெரிவது புரொஜெக்டரின் வெளிச்சமே இல்லை, கணினியில் வெட்டி ஒட்டிய படம். மிச்சம் எல்லாம் ஒன்றில் பொய், அல்லது பொய்க்குப் பக்கத்து வீடு.

இதில் ஏமாறுகிறவர்கள் பேராசைக்காரர்கள் இல்லை. பிள்ளைகள் கேட்டார்கள் என்று சீட்டுக் காசில் வாங்கும் குடும்பம், கிரிக்கெட் பார்க்க ஆளுக்கு ஆயிரம் போட்டுச் சேர்க்கும் விளையாட்டுக் கழகம், பெரிய வெள்ளிக்குப் படம் போட நினைக்கும் பங்கு இளைஞர்கள். முதல் தடவை வாங்குகிறவருக்கு எந்த எண்ணைப் பார்ப்பது என்று தெரியாது. விற்கிறவருக்கு அது நன்றாகவே தெரியும்.

லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. அதை அளக்க ஒழுங்கான முறை ஒன்று 1992இலேயே வந்துவிட்டது. திரை முழுக்க வெள்ளை விட்டு, ஒன்பது சம கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் மீற்றர் வைத்து, சராசரியை எடுத்துத் திரையின் பரப்பால் பெருக்க வேண்டும். வருவதுதான் ஆன்சி லூமன். பிறகு வந்த சர்வதேசத் தரத்தின் பெயர் ஐ.எஸ்.ஓ. 21118. இந்த இரண்டு பெயரில் ஒன்றாவது பக்கத்தில் இல்லாமல் வெறுமனே ‘லூமன்’ என்றோ ‘எல்.ஈ.டி. லூமன்’ என்றோ ‘லைற் சோர்ஸ் லூமன்’ என்றோ இருந்தால், அந்த எண்ணுக்கும் உங்கள் சுவரில் விழப்போகும் வெளிச்சத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 9000 என்று போட்ட மலிவுப் பெட்டியை முறையாக அளந்தால் 200ஐ எட்டுவதே பெரிய காரியம்.

அப்படியென்றால் ‘ஆன்சி’ என்று எழுதியதை வாங்கலாமா? அவசரப்படாதீர்கள். இப்போது அந்தச் சொல்லையும் சேர்த்து அடிக்கப் பழகிவிட்டார்கள். வெளிச்சத்தைக் கூட்டிச் சொல்லி விற்ற நிறுவனங்கள் மீது எப்சன் நிறுவனம் அமெரிக்காவில் வழக்குகளே போட்டிருக்கிறது. அமெரிக்கச் சந்தைக்கே அந்த நிலைமை என்றால், வவுனியாவுக்கு வந்து இறங்கும் பெட்டியின் அட்டையை யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

அதனால் லூமனை விடுங்கள், வாட்டைப் பாருங்கள். பின்பக்கத்திலோ சார்ஜர் போன்ற அடப்டரிலோ சின்ன எழுத்தில் இருக்கும். வோல்ட்டும் அம்பியரும் மட்டும் இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள். 12 வோல்ட், 4 அம்பியர் என்றால் 48 வாட். விளம்பரத்தில் அவிழ்த்துவிடுகிற அளவுக்கு இந்த இடத்தில் பெரும்பாலும் அவிழ்த்துவிடுவதில்லை.

நல்ல வெள்ளை எல்.ஈ.டி. ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமன் தரும். 48 வாட்டில் ஃபானுக்கும் ஸ்பீக்கருக்கும் போனது போக, மிச்சத்தில் மூவாயிரம் நாலாயிரம் லூமன் பிறக்கலாம். ஆனால் அது உள்ளேயிருக்கும் எல்.சி.டி. தகட்டைத் தாண்டித்தான் வெளியே வரவேண்டும். முதலில் இருக்கும் துருவத் தகடு பாதிக்கு மேல் விழுங்கும். சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் மிச்சத்தில் மூன்றில் இரண்டை எடுக்கும். லென்ஸ் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். நூறில் ஐந்து வெளியே வந்தாலே அதிகம். 150, 200 லூமன் என்ற கணக்கு அப்படித்தான் வருகிறது. எங்கள் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் காணும் எப்சன் ரகம் 3300, 3600 லூமன் தர 300 வாட்டுக்குக் கிட்ட மின்சாரம் குடிக்கிறது. அதைவிட இரண்டரை மடங்கு வெளிச்சம் 48 வாட்டில் வருமென்றால் அதைக் கண்டுபிடித்தவர் இருபதாயிரத்துக்கு விற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

சரி, 200 லூமன் என்றால் எவ்வளவு பெரிய படம் பார்க்கலாம்? லூமனைத் திரையின் சதுர அடியால் வகுத்துப் பாருங்கள். சாதாரண வெள்ளைத் திரைக்கு இந்தக் கணக்கு போதும். டிஜிட்டல் தியேட்டர்களுக்கு வைத்திருக்கும் அளவு 14. 100 அங்குலப் படம் ஏழேகால் அடி அகலம், நாலு அடி உயரம், ஏறக்குறைய 30 சதுர அடி. 200ஐ 30ஆல் வகுத்தால் 7கூட இல்லை. கும்மிருட்டிலும் தியேட்டரில் பாதிதான். 80 அங்குலத்தில் 10. 60 அங்குலத்துக்கு இறங்கினால் 18 வரும், அது நல்ல படம். விளம்பரத்தின் 200 அங்குலத்தில் 120 சதுர அடி. ஒரு சதுர அடிக்கு இரண்டு லூமன்கூடத் தேறாது. முகம் எது, சுவர் எது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அறையில் ஒரு லைற் எரிந்தால் 30, 40 என்ற கணக்கில் வேண்டும். சாதாரண ரிவி 70ஐத் தாண்டும். பகலில் கிரிக்கெட் பார்க்கத்தான் வாங்குகிறோம் என்றால், இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு ரிவி கடைக்குப் போங்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

வன்னியில் எங்கள் வீடுகளையும் நினைத்துப் பாருங்கள். 2009க்குப் பிறகு எழுந்த வீட்டுத்திட்ட வீடுகளில் முன் அறை சின்னது, பத்தடி நீளம் இருந்தால் நல்ல அறை. பல வீடுகளில் சீலிங் இல்லை. கூரைக்கும் சுவருக்கும் இடையில் வெளிச்சம் தாராளமாக வரும். யன்னலுக்குச் சீலை போட்டாலும் மேலே எதைப் போடுவது? மாலை ஆறரைக்குப் பிறகுதான் படம் என்று முதலே தீர்மானித்துக்கொள்ளுங்கள். மலிவு ரகங்கள் பெரும்பாலும் படத்தின் அகலத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு தூரம் கேட்கும். 100 அங்குலத்துக்கு ஒன்பதடி. பத்தடி அறையில் புரொஜெக்டர் பின்சுவரோடு ஒட்டி, உங்கள் தலைக்கு மேலே நிற்கும், அதன் ஃபான் காதுக்குள் இரையும். 80 அங்குலம் என்றால் ஏழேகால் அடி போதும். வாங்க முன்னர் மீற்றர் நாடாவை எடுத்துச் சுவரிலிருந்து அளவுங்கள். ஐந்து நிமிட வேலை, ஒருவரும் செய்வதில்லை.

புரொஜெக்டரை ஒரு பக்கத்தில் சரித்து வைத்துவிட்டு, ‘கீஸ்டோன்’ பொத்தானால் படத்தைச் சதுரமாக்கலாம் என்று விற்பவர் காட்டுவார். ஆக்கலாம்தான். ஆனால் அது படத்தைச் சுருக்கித்தான் சரியாக்குகிறது; தெளிவும் வெளிச்சமும் அதோடு போகும். திரைக்கு நேரே வையுங்கள்.

அடுத்த ஏமாற்று 4கே. ‘4கே சப்போட்’ என்றால் 4கே கோப்பைக் கொடுத்தால் திறக்கும் என்பதுதான் அர்த்தம். சுவரில் அத்தனை புள்ளிகள் விழும் என்று அர்த்தமில்லை. ‘நேட்டிவ்’ என்று போட்டிருக்கும் எண் எது என்று கேளுங்கள். 800க்கு 480 என்றால் தொடவே வேண்டாம், கிரிக்கெட்டில் ஸ்கோர்கூட வாசிக்க முடியாது. உருளை வடிவில், தாங்கியில் சுழலும்படி, எச்.வை.300 என்ற பெயரிலும் வேறு பல பெயர்களிலும் வரும் ரகத்தின் நேட்டிவ் 1280க்கு 720. சின்னப் படத்துக்கு அது போதும்; 4கே என்று சொல்லி விற்பதுதான் அநியாயம். 1920க்கு 1080 நேட்டிவ் கிடைத்தால் அதை எடுங்கள். விற்பவர் நேட்டிவ் எண்ணை எழுதித் தராமல் ‘எல்லாம் ஓடும் அண்ணை’ என்றால் அவரிடம் வாங்காதீர்கள்.

இதுவரை சொன்னது காசு போகிற கதை. இனிச் சொல்வதில் காசைவிடப் பெரியது போகும்.

2025 ஜூன் 5ஆம் திகதி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விட்டது. ‘பாட்பொக்ஸ் 2.0’ என்ற களவு மென்பொருள் வீட்டு இணையத்தில் இணைக்கும் சாதனங்களில் ஏறியிருக்கிறது. சிலவற்றில் வாங்க முன்னரே, சிலவற்றில் தொடக்கத்தில் செயலிகளை இறக்கும்போது. எந்தச் சாதனங்கள் என்ற பட்டியலில் ரிவி பெட்டிகளோடு டிஜிட்டல் புரொஜெக்டர்களும் இருந்தன. அடுத்த மாதமே கூகிள் அதன் பின்னால் இருக்கும் கும்பலுக்கு எதிராக நியூயோர்க்கில் வழக்குப் போட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட சாதனங்கள் அதில் சிக்கியதாகச் சொன்னது. எல்லாம் கூகிளின் சான்று பெறாத அன்ட்ரொயிட் ஓடும் மலிவுச் சாதனங்கள். அதற்கு முந்திய வருடம், 2024 செப்டெம்பரில், ‘வொய்ட்’ என்ற இன்னொரு வகை 197 நாடுகளில் ஏறத்தாழ 13 இலட்சம் ரிவி பெட்டிகளில் கண்டுபிடிக்கப்பட்டது.

அப்படியொரு பெட்டி உங்கள் வைஃபையில் ஏறினால் என்ன நடக்கும்? படம் வழக்கம்போல ஓடும், ஒன்றும் தெரியாது. பின்னால் உங்கள் இணைய இணைப்பை யாரோ வாடகைக்கு விடுவார்கள். எங்கோ இருக்கும் கள்ளன் செய்யும் வேலை உங்கள் ரூட்டரின் முகவரியிலிருந்து செய்ததாகப் பதிவாகும். அதே வைஃபையில்தான் உங்கள் போனும் இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து காசு வந்ததா என்று பார்க்கும் வங்கிச் செயலியும் இருக்கிறது. டேட்டா ஏன் மாதம் முடிய முன்னரே தீர்கிறது என்று பிள்ளைகளை ஏசிக்கொண்டிருப்பீர்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? எறிய வேண்டாம், ஆனால் அதை இணையத்தில் இணைக்காதீர்கள். வைஃபை கடவுச்சொல்லை அழித்துவிட்டு, மடிக்கணினியையோ நம்பகமான ரிவி ஸ்டிக்கையோ எச்.டி.எம்.ஐ. வயரில் குத்தி, வெறும் திரையாக மட்டும் பாவியுங்கள். உங்கள் சொந்த ஜிமெயில் கணக்கை அதில் ஒருபோதும் போடாதீர்கள். புதிதாக வாங்குகிறவர்கள் கடையிலேயே பிளே ஸ்டோரைத் திறந்து, செட்டிங்கில் ‘பிளே புரொடெக்ட் சான்று’ இருக்கிறதா என்று பாருங்கள். பிளே ஸ்டோரே இல்லாமல் ஏதோ ஒரு கடைச் செயலியும், இலவசப் படச் செயலிகள் வரிசையாகவும் இருந்தால் அதுவே போதுமான எச்சரிக்கை. நெட்ஃபிளிக்ஸ் பார்க்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்று: சான்றில்லாத பெட்டியில் அது ஓடினாலும் மங்கலாகவே ஓடும். போனிலிருந்து திரையை அனுப்பினால் சத்தம் வரும், படம் கறுப்பாக இருக்கும். பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், அது பதிப்புரிமைப் பூட்டு.

திரைக்கு வருவோம். இங்கே காசை மிச்சம் பிடிக்க முடியும், ஆனால் விற்கிறவர்கள் இங்கேயும் வலை விரித்திருக்கிறார்கள். ‘மெட்டல்’, ‘அன்ரி லைற்’ என்று சாம்பல் நிறத்தில் மடித்து வரும் துணி, பகலிலும் படத்தைப் பளிச்சென்று காட்டும் என்று விற்கப்படுகிறது. நடுவில் மினுங்கி ஓரத்தில் இருட்டும், மடித்த கோடு போகாது. அறை வெளிச்சத்தை மறுக்கும் உண்மையான திரைகள் இருக்கின்றன; அவற்றின் விலை உங்கள் புரொஜெக்டரைப்போல் பல மடங்கு. வவுனியாவில் பனர் அடிக்கும் கடையில் ஃபிளெக்ஸ் துண்டு வாங்கிக் கட்டுகிறவர்களும் உண்டு. மினுங்கும் பக்கத்தைக் கட்டினால் நடுவில் பல்பு எரிவதுபோல் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். வேட்டியும் படுக்கை விரிப்பும் வேண்டாம், பாதி வெளிச்சம் பின்னால் போய்விடும். இருக்கிற 200 லூமனில் அதையும் இழக்கக் கட்டாது.

செய்ய வேண்டியது இதுதான். சுவரை நன்றாக உரைஞ்சி, மேடு பள்ளத்தைப் புட்டி போட்டு மட்டமாக்கி, மினுக்கமில்லாத வெள்ளை எமல்ஷன் இரண்டு பூச்சு அடியுங்கள். சுற்றிவரக் கறுப்பாக நாலு விரல் அகலத்தில் ஒரு சட்டம் வரைந்தால் படம் இன்னும் எடுப்பாகத் தெரியும். எந்தக் கடைத் திரையும் இந்த விலைக்கு இதைவிட நன்றாக இருக்காது. வாடகை வீடென்றால், பின்பக்கம் வெளிச்சம் ஊடுருவாத யன்னல் சீலைத் துணியை மரச்சட்டத்தில் இழுத்து அடியுங்கள். சத்தத்துக்கு, உள்ளேயிருக்கும் ஸ்பீக்கரை மறந்துவிட்டு வீட்டிலுள்ள செட்டுக்கு வயர் இழுங்கள். புளூடூத்தில் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போகும்.

பழைய அலுவலகப் புரொஜெக்டரை வாங்கினால் என்ன? என் அபிப்பிராயத்தில், கையிலுள்ள காசுக்கு உண்மையான வெளிச்சம் வேண்டுமென்றால் அதுதான் வழி. கழகங்களுக்கும் சனசமூக நிலையங்களுக்கும் வேறு வழியே இல்லை. எப்சன் ஈ.பி.எக்ஸ்.41 போன்ற ஒன்றின் 3600 லூமன் பாதியாகத் தேய்ந்திருந்தாலும், விளம்பரப் பெட்டியைப்போல் பல மடங்கு மிச்சமிருக்கும். படம் 1024க்கு 768, சதுர வாட்டம். அகலப் படம் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டி விழும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கக் கூடாதவை வேறு. லாம்பு ஓடிய மணித்தியாலத்தை மெனுவில் காட்டுவார்கள், ஆனால் அந்தக் கணக்கைப் பூச்சியமாக்க ஒரு நிமிடம் போதும். எண்ணை நம்பாமல், வெள்ளைப் பக்கத்தையும் நீலப் பக்கத்தையும் போட்டுப் பாருங்கள். மஞ்சள் படிந்திருந்தாலோ ஒரு மூலை மங்கியிருந்தாலோ உள்ளே தகடு எரிந்துவிட்டது, விட்டுவிடுங்கள். அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள். சூடேறி நிற்கிற வியாதி அதற்குள் தெரிந்துவிடும். மாற்று லாம்பு என்ன விலை, எங்கே கிடைக்கும் என்று புரொஜெக்டர் விலை பேச முன்னரே விசாரியுங்கள். லாம்பில் பாதரசம் இருக்கிறது, உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு யன்னலைத் திறவுங்கள்.

மின்சாரத்தையும் மறந்துவிட முடியாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடு முழுவதும் கரண்ட் போனதாக அமைச்சரே சொன்னார். லாம்பு வகை கொதித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் குளிரவைக்கும் ஃபானும் நிற்கும், லாம்பின் ஆயுள் குறையும். சின்ன யூ.பி.எஸ். ஒன்று அதற்குப் போதும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கினால் படம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, பிளக்கைக் கழற்றுங்கள். அறுவடைக்காலத் தூசியும் மழைக்கால ஈசலும் மலிவுப் பெட்டிகளின் உள்ளே தாராளமாகப் போகும். உள்ளே போன தூசி சுவரில் சாம்பல் பொட்டாக நிரந்தரமாகத் தெரியும். லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் சித்தப்பா அனுப்புகிறார் என்றால் 100 முதல் 240 வோல்ட் வரை ஓடுமா என்று அடப்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். கனடாவில் 120 வோல்ட், எங்களுக்கு 230. பழுதானால் அங்கே கொடுத்த உத்தரவாதம் பெரும்பாலும் செட்டிகுளம் வரை வராது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்தப் பார்சல். பொருள் வந்த பிறகு காசு என்பது பாதுகாப்பு மாதிரித் தெரியும். ஆனால் கொண்டுவரும் பையன் காசை வாங்கிய பிறகுதான் பிரிக்க விடுவான். பிரித்துப் பார்த்தால் வேறு மொடல், விளம்பரம் போட்ட பக்கம் அடுத்த கிழமை இருக்காது. பேஸ்புக் பக்கத்தின் பெயருக்குப் பின்னால் கடை முகவரி இல்லையென்றால் வாங்காதீர்கள். பிரிப்பதை முதல் நொடியிலிருந்து வீடியோ எடுங்கள். முடிந்தால் பஸ் ஏறி வவுனியா போய், கடையில் லைற்றை அணைக்கச் சொல்லி, உங்கள் சொந்தக் கோப்பைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பற்றுச்சீட்டில் மொடல் பெயரும், நேட்டிவ் எண்ணும், ஆன்சி லூமனும், உத்தரவாதக் காலமும் எழுதியிருக்க வேண்டும். எழுத மறுத்தால் வெளியே வாருங்கள்.

பொய்யான தரத்தைச் சொல்லி விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி குற்றம். முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டையும் பெட்டியையும் அதுவரை எறியாதீர்கள். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977.